பூச்சி, சூடு, கேஸ்ட்ரிக்

மலேசியாவின் சிலாங்கூர்க் கரையோரத்து ஜெராம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு வழங்கிய பெயர்களை நினைவில் அடுக்கிப் பார்த்தால், அந்தத் தோட்டங்கள் கடந்துவந்த காலமும் கூடவே அடுக்காகிவிடுகிறது. பால்மரம் நின்ற காலத்தில் அது பூச்சி. லயத்து வீட்டில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் ‘பூச்சி கடிக்குது’ என்றார்கள். பள்ளி விடுமுறையில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் இறங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் பூச்சி மருந்து ஊற்றிக் கொடுத்தார். பூச்சி இல்லையென்றால் சூடு. அதற்கு மோரில் ஊறிய வெந்தயம், தொப்புளில் ஒரு சொட்டு எண்ணெய், தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுக்கு. பிறகு செம்பனை வந்தது. தோட்டங்கள் மேம்பாட்டுக்குக் கைமாறின. குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தபோது மூன்றாவது சொல் கூடவே குடிவந்தது: கேஸ்ட்ரிக். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்லும் சொல் இது. நேரத்துக்குச் சாப்பிடாததால் கேஸ்ட்ரிக், காரம் தின்றதால் கேஸ்ட்ரிக், பரீட்சைக்கு முந்தின நாள் வந்தாலும் கேஸ்ட்ரிக். குலுக்கிக் குடிக்கும் வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்று சமையலறை அலமாரியில் எப்போதும் இருக்கும். இந்த மூன்று சொற்களுக்கும் ஒரு குணம் பொது: சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் மாதக்கணக்கான வயிற்றுவலியோடு பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளை நினைக்கும்போது, அவர்களுக்கு மருந்து குறைவாகக் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து நிறையவே கிடைத்தது. உட்காரவைத்து, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை. நாட்பட்ட வயிற்றுவலியின் காரணம் பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் அகப்படும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான ஆதாரங்களை இங்கே வைக்கிறேன்.

பழைய சொற்களை இகழ எனக்கு மனமில்லை. பூச்சி பொய் இல்லை. நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் சாட்டைப்புழுவும் தோட்டத்து மண்ணில் இருந்தன. பொதுக் கழிப்பிடங்களும் வெறுங்கால் நடையும் அவற்றை வளர்த்தன. சிலாங்கூரில் இந்தியத் தொடக்கப்பள்ளி மாணவர்களிடையே மண்வழிப் புழுத்தொற்றைப் பற்றி 1980-களில் எஸ்.பி. கான் என்ற ஆய்வாளர் தனியாகவே ஆராய்ந்து எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆய்வு தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும். அரசு 1974-இல் தொடங்கிய பூச்சி மருந்துத் திட்டம் 1983-இல் நிறுத்தப்பட்டது. குழாய்த் தண்ணீரும் தனிக் கழிப்பறையும் செருப்பும் வந்த வீடுகளில் புழு குறைந்தது. சொல் மட்டும் குறையவில்லை. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே வேளை கொடுத்தும் வலி நீடித்தால், ‘இன்னும் பூச்சி போகல’ என்று இரண்டாம் முறையும் கொடுப்பார்கள், மூன்றாம் முறையும் கொடுப்பார்கள். மருந்து கேட்காததை வைத்து, காரணம் வேறாக இருக்குமோ என்று யோசிப்பதுதான் முறை. அந்த யோசனைக்கு ‘பூச்சி’ என்ற சொல் இடம் விடவில்லை. இத்தனைக்கும் இந்தக் கரையோர நிலத்துக்கு வேறு விதமான தேடல் பழக்கமானதுதான். 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதோடு நின்றுவிடாமல் சதுப்பு நிலத்தை வடியவைத்தார். பின்னாளில் கடலோரத் தோட்டங்களிலும் கால்வாயையும் தேங்கிய நீரையும் லயம் நின்ற இடத்தையும் பார்த்துப் பார்த்துக் கொசுவின் வழியை அறிந்தார். காய்ச்சல் உடம்பில் தெரிந்தது. அதன் காரணம் வடிகாலில் கிடந்தது. பிள்ளையின் வயிற்றுவலிக்கும் அப்படிச் சுற்றிலும் பார்க்கும் வழக்கம் ஏனோ நம்மிடம் வேரூன்றவில்லை.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வலி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1958-இல் குழந்தைநல மருத்துவர் ஜான் ஆப்லியும் அவருடன் நய்ஷும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார்கள். குறைந்தது மூன்று மாத காலத்தில் மூன்று முறையாவது, அன்றாட நடமாட்டத்தைக் கெடுக்கும் அளவுக்கு வயிறு வலித்திருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டு எண்ணியபோது 10.8 விழுக்காட்டுப் பிள்ளைகள் அதில் வந்தார்கள். மலேசியாவில் கிறிஸ்டஃபர் போயியும் உடன் ஆய்வாளர்களும் 11 முதல் 16 வயது வரையிலான 1,549 மாணவர்களிடம் எடுத்து 2000-இல் வெளியிட்ட கணக்கு 10.2 விழுக்காடு. அதே குழுவினர் கிராமப்புறத்தில் பார்த்தபோதும் பத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்படி வலியுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரே மருத்துவரிடம் போயிருந்தார்கள். இலங்கையில் 2008-இல் வெளிவந்த ஆய்வு 10.5 விழுக்காடு என்றது. உருளைக்கிழங்கும் ரொட்டியும் தின்று வளர்ந்த பிரிஸ்டல் பிள்ளையும், சம்பலோடு நாசி லெமாக் தின்னும் சிலாங்கூர்ப் பிள்ளையும், இடியாப்பம் தின்னும் இலங்கைப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஒற்றுமையை மட்டும் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் காரமே காரணம், பட்டினியே காரணம் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த எண்களுக்கு முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முப்பத்தைந்து பேர் படிக்கும் ஒரு வகுப்பில் மூன்று அல்லது நான்கு பேர். எந்த இடைநிலைப் பள்ளி ஆசிரியருக்கும் அந்த முகங்கள் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை மேசைமேல் தலைசாய்த்துக் கிடப்பவர்கள், எம்.சி. எனும் மருத்துவ விடுப்புக் கடிதம் அடிக்கடி கொண்டுவருபவர்கள்.

ஆப்லி இன்னொன்றையும் சொன்னார். அதுதான் பெற்றோருக்குக் கசக்கிறது. மருத்துவமனையில் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளிலும் நூற்றில் பத்துக்கும் குறைவானவர்களிடமே உறுப்பில் ஒரு பழுது கிடைத்தது. மற்றவர்களின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு ஒன்றும் இல்லை. இதைக் கேட்டதும் நம் வீடுகளில் வரும் முதல் பதில், ‘அப்போ நடிக்கிறானா?’ மருத்துவமனையில் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டால், பிள்ளை அன்றிலிருந்து பொய்யனாகிவிடுகிறான். ‘பள்ளிக்கூடம் போகச் சோம்பல்’ என்ற பட்டம் ஒட்டிக்கொள்கிறது. இதைவிடப் பெரிய அநியாயம் இந்த நோயில் இல்லை. குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த நரம்புகள் மிகையாக உணர்கின்றன. குடலுக்குள் சிறு பலூனை விட்டு மெல்ல ஊதிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே இவர்களுக்கு வலி வந்துவிடுகிறது. வலி மெய். அதை உண்டாக்கும் இடம்தான் ஸ்கேன் படத்தில் தெரிவதில்லை. குடல் நோய் வல்லுநர்கள் கூடி வகுத்த ரோம் வரையறைகள் 2016-இல் நான்காம் பதிப்பாகத் திருத்தப்பட்டபோது, எல்லாச் சோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று நிரூபித்த பிறகுதான் ‘செயல்பாட்டு வயிற்றுவலி’ என்ற பெயரைச் சூட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டார்கள். உரிய அளவில் ஆராய்ந்தும் வேறொரு நோயால் விளக்க முடியாவிட்டால் போதும் என்றார்கள். ‘உரிய அளவு’ எது என்பதில்தான் மருத்துவரின் திறமை முழுவதும் இருக்கிறது.

மிகையாக உணரும் நரம்பை எது தூண்டுகிறது? இங்கே போயியின் மலேசிய ஆய்வுகள் என்னை மிகவும் பாதித்தவை. அடிக்கடி வயிறு வலித்த பிள்ளைகளின் சமீப காலத்தைக் கேட்டுப் பார்த்தபோது சில நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வந்தன: பெற்றோரின் வேலை மாறியது, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது, குடும்பத்தில் மரணம், தேர்வில் தோல்வி, பள்ளியில் மற்றவர்களின் மிரட்டல். இந்தப் பட்டியலை நம் தோட்டங்களின் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டு, பிறந்த லயத்தைக் காலி செய்து, அப்பா செம்பனையை விட்டுப் பாதுகாவலர் வேலைக்கோ லாரி ஓட்டவோ போன வீடுகள் எத்தனை? ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் ஒரே முப்பது பிள்ளைகளோடு படித்துவிட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழைவது லேசான தாண்டல் இல்லை. புகுமுக வகுப்பு என்ற பெயரில் கூடுதலாக ஓராண்டு உட்காரும் பிள்ளை, தன்னோடு படித்தவர்கள் படிவம் ஒன்றில் இருப்பதைத் தினமும் பார்க்கிறது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். தாண்டல் அப்படியேதான் இருக்கிறது. ஜனவரியில் தொடங்கி, சனி ஞாயிறுகளில் மறைந்து, ஞாயிறு இரவில் திரும்பும் வலி எதைச் சொல்கிறது என்று அறிய எண்டோஸ்கோப்பி தேவையில்லை. எந்த மாதத்தில் தொடங்கியது, எந்தக் கிழமையில் வருகிறது என்று கேட்டால் போதும்.

இதற்கு எதிராக எழும் முதல் ஆட்சேபம் மிக நியாயமானது. ஆப்லி காலத்தில் வளையும் எண்டோஸ்கோப்பி இல்லை, அல்ட்ராசவுண்ட் இல்லை. அவர் பார்க்காதது இல்லாததாகிவிடுமா? நரம்பு, மனம், பள்ளி என்று பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே ஒரு நோய் வளர்ந்துவிட்டால் யார் பொறுப்பு? இந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. குரோன் நோய் என்ற குடல் அழற்சி மேற்கத்தியருக்கே உரியது என்றுதான் நீண்ட காலம் எண்ணினார்கள். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் எடுத்த கணக்கில், மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் குடல் அழற்சி நோய்கள் இந்தியர்களிடமே அதிகம் என்று தெரிந்தது. வளரும் வயதில் வரும் குரோன் சில சமயம் பெரிதாக வலிப்பதுகூட இல்லை. உயரம் நின்றுபோகும், எடை இறங்கும், பருவமடைவது தள்ளிப்போகும், வாயில் புண் வரும், இரத்தம் குறையும், ஆசனவாயைச் சுற்றிப் புண்ணோ சீழோ தோன்றும். ‘அப்பனும் குட்டை, பிள்ளையும் குட்டை’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடலாம். வயிற்றுக் காசநோயும் இதே உருவில் வரும், மாலை நேரக் காய்ச்சலோடு.

இன்னொன்று நம் முன்னோரின் மண்ணோடு சேர்ந்து வந்த நோய். கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டு விவரித்த கணைய நோய் அது: சிறுவயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, பருவமடையும் காலத்தில் நீரிழிவு, வாழவேண்டிய வயதில் மரணம். கணையக் குழாயில் கற்கள் சேர்ந்துவிடும். மேல்வயிறு முதுகு வரைக்கும் வலிக்கும். மலம் எண்ணெய்போல மிதக்கும். தமிழ்நாட்டிலும் இது உண்டு, சென்னையில் வி. மோகனும் மற்றவர்களும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கின் நஞ்சுதான் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிடித்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கருத்து ஒருகணம் திக்கென்றிருக்கும். பிற்பாடு அந்த விளக்கம் நிற்கவில்லை. 2000-க்குப் பிறகு மரபணு மாற்றங்களின் பங்கு தெரியவந்தது. வயிற்றுவலியோடு எடை குறைந்து, தாகமும் சிறுநீரும் கூடிய ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, சாதாரண எக்ஸ்ரே படத்திலேயே அந்தக் கற்கள் வெள்ளையாகத் தெரிந்துவிடக்கூடும்.

இவற்றை அடுக்கியதே என் வாதத்தை வலுப்படுத்தத்தான். இந்த நோய்கள் ஒவ்வொன்றும் தன் வருகையை ஏதோ ஒரு வாசலில் அறிவிக்கிறது. எடை குறைவு, உயரம் நிற்பது, காரணமில்லாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, பச்சையாகப் பித்தம் வாந்தியெடுப்பது, விழுங்கும்போது வலி, வீட்டில் யாருக்காவது குடல் நோய் இருப்பது. தொப்புளைவிட்டு விலகி ஓரிடத்தையே விரலால் காட்டும் வலியையும் சேர்த்துக்கொள்ளலாம். வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறை எதிர்பார்க்கலாம் என்பது ஆப்லி விட்டுச்சென்ற எளிய விதி. இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க என்ன கருவி வேண்டும்? ஒரு தராசு, சுவரில் ஓர் அளவுகோல், ஐந்து வயதிலிருந்து எழுதிவைத்த உயர எடைப் பதிவு, கேட்க ஒரு வாய். அடையாளம் ஒன்று கிடைத்துவிட்டால் இரத்தம், மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று தயங்காமல் போக வேண்டும். கிள்ளான் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ அன்றே கடிதம் எழுத வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஸ்கேன் எடுப்பதால் பெரும்பாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் குழு 2005-இலேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. தெரிந்தாலும் சினைப்பையில் ஒரு சிறு நீர்க்கட்டி, குடல் பக்கத்தில் சற்றே பெருத்த நிணநீர்க் கட்டிகள் என்று அந்த வயதில் யாருக்கும் இருக்கக்கூடியவை தெரியும். அதன்பின் அந்த வீட்டில் தூக்கம் போகும்.

கேஸ்ட்ரிக் என்ற சொல்லுக்கும் பாதி நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிக்கோபாக்டர் பைலோரி கிருமியை பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் கண்டார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசியாவில் அந்தக் கிருமி இந்தியர்களிடம் மிக அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு என்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீயும் நுண்ணுயிரியலாளர் பராசக்தியும் காட்டினார்கள். பிள்ளைகளிடமே அந்த வேறுபாடு தெரிகிறது. அப்படியானால் வயிறு வலிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் சோதித்துக் கிருமியை அழித்துவிடலாமே என்று தோன்றும். கவனிக்க வேண்டியது ஒன்று: கிருமி பலரிடம் இருக்கிறது, வலியும் பலரிடம் இருக்கிறது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது ஆகாது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல மருத்துவர்கள் 2016-இல், உறுப்புக் கோளாறின் அடையாளமில்லாத வயிற்றுவலிக்கு இந்தக் கிருமியைத் தேட வேண்டாம் என்றே அறிவுறுத்தினார்கள். இரவில் எழுப்பும் மேல்வயிற்று வலி, கறுத்த மலம், இரத்த வாந்தி இருந்தால் கதை வேறு. அப்போது எண்டோஸ்கோப்பி வேண்டும். வெள்ளை மருந்துப் போத்தலோடு நின்றுவிடுவது ஆபத்து.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்வதை மன்னிக்க வேண்டும். இந்த விஷயத்தில் நாம் செய்திருக்கும் தவறு மிகப் பழையது. வோங் லீ பிங்கும் கூ ஈ மிங்கும் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 1,092 மாணவிகளிடம் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 74.5 விழுக்காட்டினர் மாதவிடாய் வலி உண்டு என்றார்கள். நான்கில் மூன்று பேர். இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது பேசத் தகாத சாதாரணமாகிவிட்டது. ‘பொம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்’, ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்ற இரண்டு வாக்கியங்களில் எத்தனையோ பெண்களின் பத்தாண்டுகள் புதைந்திருக்கின்றன. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பதின்பருவத்திலேயே தொடங்கலாம். தொடங்கிய நாளிலிருந்து பெயர் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவது உலகெங்கும் உள்ள நிலை. அந்த வயதில் அது பாடப்புத்தகத்தில் உள்ளபடி மாதவிலக்கு நாட்களோடு மட்டும் நிற்பதில்லை. இடையிலும் வலிக்கும், மலம் கழிக்கும்போது வலிக்கும், வயிறு உப்பும். அதனால் வயிற்றுக் கோளாறு என்றே ஓடும். பொன்ஸ்டான் போன்ற வலி மாத்திரையை வலி தொடங்கும்போதே எடுத்தும், ஹார்மோன் மாத்திரை சில மாதம் கொடுத்தும் அடங்காத வலியென்றால் இந்த நோயை நினைத்தே ஆக வேண்டும். மகப்பேறு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் உண்டு. பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராத பெண், மாதத்துக்கு ஒருமுறை சில நாட்கள் அடிவயிற்று வலியால் துடித்தால், உள்ளே விலக்கு நடந்து வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது என்று பொருளாகலாம். சிறிய அறுவையில் சரியாகக்கூடியது அது. சடங்கு இன்னும் நடக்கவில்லையே என்ற கவலையில் வீடு மூழ்கியிருக்க, வயிற்றுவலியை வேறொரு விஷயமாக டாக்டரிடம் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் இணைப்பதற்கு யாராவது வேண்டும். அந்தக் கேள்வியை அம்மாவையும் சற்று நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஏனென்றால் சில வயிறுகளின் வலி வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: குடி, அடி, சொல்ல முடியாத ஒருவரின் கை. தனியாகக் கேட்கப்படாத பிள்ளை அதைச் சொல்லவே சொல்லாது.

சாதாரணக் காரணங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அவையே மிகுதி என்றாலும். காலை ஐந்து மணிக்கு எழுந்து பள்ளி பஸ் ஏறும் பிள்ளைக்கு வெளிக்குப் போக நேரமில்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் போக மனமில்லை. அடக்கி அடக்கி மலம் இறுகி, அந்த வலி மத்தியானம் பஸ்ஸில் திரும்பும்போது வருகிறது. ‘தினமும் போறியா?’ என்று கேட்டால் ‘போறேன்’ என்றே சொல்வான். எப்படிப் போகிறது என்று கேட்டால்தான் உண்மை வரும். பால் சர்க்கரை சேராத தன்மை மலேசியாவின் மூன்று இனத்தவரிலும் பெரும்பான்மையோருக்கு உண்டு. ஒரு தம்ளர் பலருக்குத் தாங்கும், இரண்டாவது தாங்காது. இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதே சோதனை. வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ வலி இருக்கலாம். 1926-இல் ஜான் கார்னெட் சொன்ன வழி இன்றும் பயன்படுகிறது: மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரல் வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னால், உள்ளுறுப்பு வலி குறையும், சுவரின் வலி கூடும். ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் எத்தனை வயிறுகள் அல்ட்ராசவுண்டுக்கு வரிசையில் நின்றிருக்கும்!

இவ்வளவையும் கேட்கும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்பது இரண்டாவது ஆட்சேபம். ஒரு காலை வேளையில் ஐம்பது அறுபது பேரைப் பார்க்கும் அரசாங்க கிளினிக்கில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. கூட வந்த அம்மா தொழிற்சாலையில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். உண்மை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஓராண்டில் ஏழெட்டு முறை அதே பிள்ளை அதே ஐந்து நிமிடத்துக்காக வருகிறது, ஏழெட்டு முறை அம்மாவின் கூலி போகிறது, ஏழெட்டுப் போத்தல் வாங்கப்படுகிறது. ஒரே ஒருமுறை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் நேரமும் பணமும் மிஞ்சியிருக்கும். பழைய தோட்டத்து டிரஸ்ஸரிடம் பட்டம் இல்லை, மருந்தும் நாலைந்து நிறத்துக்கு மேல் இல்லை. ஆனாலும் எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பெண் பள்ளியை நிறுத்திவிட்டாள், எந்தப் பையனுக்குச் சட்டை தொளதொளத்துப் போயிற்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு அவர் கொடுத்த மருந்தில் சேரவே இல்லை என்பதுதான் என் வருத்தம். இன்றைய கிளினிக்கில் மருந்து இருக்கிறது. வீட்டைத் தெரிந்தவர் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கூடியிருந்த காலம் இந்த வட்டாரத்தில் இருந்ததில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பாட்டிமார்கள் வேறு சொற்களில் சொல்வார்கள்: வலியைப் பற்றி ஓயாமல் கேட்டால் பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும். ஆய்வு அவர்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. லின் வாக்கர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பிள்ளைகளை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றில் அசௌகரியம் உண்டாக்கினார்கள். அந்த நேரத்தில் பெற்றோர் வலியைப் பற்றியே விசாரித்தபோது பிள்ளைகளின் முறையீடு ஏறத்தாழ இரு மடங்கானது; பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. ரோனா லெவியும் குழுவினரும் 2010-இல் 200 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மூன்றே அமர்வுகளில் வலியை எதிர்கொள்ளும் விதத்தைக் கற்றுக்கொடுத்ததிலேயே வலி குறைந்தது. ஆகவே பாட்டி சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னது வலிக்கும் நேரத்தைப் பற்றி. வலிக்கும் நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொடுத்துக் கதை பேசலாம், பள்ளிக்கு அனுப்பலாம். விசாரணை வலிக்காத ஒருநாளில், ஒரே தடவையாக, முழுவதுமாக நடக்க வேண்டும். அன்றாடம் ‘இன்னிக்கு வலிக்குதா?’ என்று கேட்பதும், காரணம் தேடிக் கேட்பதும் வேறு வேறு காரியங்கள்.

அந்த ஒருநாளுக்குக் கொண்டுபோக நல்ல ஆவணம் ஒன்று ஜெராமில் எல்லார் சமையலறைச் சுவரிலும் தொங்குகிறது. பெரிய எண்களும், குதிரைப் பந்தய நாளுக்குச் சிறு குதிரைப் படமும், பள்ளி விடுமுறைக்கு நிறமும் போட்ட குதிரைக் காலண்டர். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் கூட்டுச் சீட்டு கட்ட வேண்டிய தேதியும் அதில்தான் எழுதப்படுகின்றன. அதே கட்டங்களில் வலித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிலக்கு நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, வயிறு சரியாகப் போகாத நாளுக்கு ஒரு கோடு, மாதம் ஒருமுறை எடை என்று பிள்ளையே தன் கையால் எழுதிவந்தால், மூன்று மாதத்தில் மூன்று தாள்கள் சேரும். பெருக்கல் குறிகள் திங்கட்கிழமைகளில் குவிந்திருக்கும், அல்லது சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி நிற்கும், அல்லது கோடுகளின் பின்னால் வரும். ஒழுங்கே இல்லாமல் எல்லாக் கிழமையிலும் சிதறிக் கிடந்து, பக்கத்தில் எழுதிய எடை முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தைந்தரை என்று இறங்கிக்கொண்டே வந்தால், அந்தத் தாள்களைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கிள்ளானுக்குப் புறப்பட வேண்டும்.